எனக்கு நானே போட்ட டிக்

மே 12, திங்கள்

வெயில். காலை ஒன்பதுக்கே கிணற்று மேட்டில் கால் வைக்க முடியவில்லை.

முதலில் ஒரு மன்னிப்பு. இது செடிகளுக்கான நோட்டு. எங்கள் ஊர்க் கோயில் மலைப்படிகளின் இடுக்கில் முளைப்பவற்றைப் பற்றிய மூன்றாம் வருட பிராஜெக்ட்டுக்காக வாங்கியது. பாதிப் பக்கம் மிச்சம். என்னைப் பற்றி எழுத இதை எடுப்பது சரியில்லைதான். வேறு நோட்டு வாங்க டவுனுக்குப் போக வேண்டும். அதுவரை பொறுக்காது. யாரும் படிக்கப் போவதும் இல்லை. நைனாவுக்கு என் கையெழுத்து புரியாது. அம்மாவுக்கு எந்தக் கையெழுத்தும் புரியாது.

விஷயம் இதுதான். வடக்கே அந்த யூனிவர்சிட்டியில் எம்.எஸ்சி. சூழலியல். எழுத்துத் தேர்வில் தேறியவர்கள் பட்டியல் மதியம் வந்தது. என் எண் இருக்கிறது. மூன்று முறை பார்த்தேன். போனை அணைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

இடம் இருபது. பட்டியலில் நூறு பேருக்கு மேல். இனி நேர்காணல் கிடையாது. (அதற்காகவேதான் இந்த யூனிவர்சிட்டிக்குப் போட்டேன். இங்கே ஒப்புக்கொள்ளலாம்.) தேர்வு மார்க், டிகிரி மார்க், நாமே எழுதும் ஒரு பக்கம், இரண்டு ஆசிரியர்களின் பரிந்துரை, அவ்வளவுதான். பரிந்துரைக்கான லிங்க் ஆசிரியரின் மெயிலுக்கே போகும். அவரே நிரப்பி நேராக அனுப்ப வேண்டும். கடைசி நாள் 20, மாலை ஐந்து.

எனக்குச் சாதகம்:
தேர்வில் தாவரப் பகுதி நன்றாக எழுதினேன்.
பிராஜெக்ட். இந்தப் பட்டியலில் வேறு யாரும் முந்நூற்று அறுபத்தைந்து படியையும் குனிந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

பாதகம்:
காலேஜ் பெயர். பைபாஸ் தாண்டினால் யாருக்கும் தெரியாது.
ஆங்கிலம். எழுதினால் வரும், பேசினால் வராது.
வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. இந்த வீட்டில் காலேஜ் வாசலைத் தாண்டியது நான் ஒருத்திதான்.

நைனாவிடம் சொன்னேன். எவ்வளவு தூரம் என்றார். ரயிலில் இரண்டு நாள் என்றேன். மோட்டார் போடப் போனார். திரும்பி வந்து, "அங்க சோறு போடுவாங்களா, ரொட்டியா?" என்று கேட்டார். அது சம்மதமா என்று தெரியவில்லை.


மே 13, செவ்வாய்

காலேஜ். டவுன் பஸ்ஸில் மொட்டை போட வந்த கூட்டம். யாருடைய குழந்தையோ என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டே தூங்கியது. இறங்கும்போது விரலை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

எச்.ஓ.டி. அறை வாசலில் ஒரு மணி நேரம். உள்ளே போனதும் எந்த பேட்ச் என்று கேட்டார். இப்போதுதான் முடித்தேன் சார், பவானி என்றேன். "பவானி, பவானி" என்று மேஜையில் எதையோ தேடுவதுபோலச் சொன்னார். மூன்று வருடம். வாரத்துக்கு நாலு பீரியட். இரண்டாவது பெஞ்சு, ஜன்னல் பக்கம். லேபில் அவர் வருவதற்குள் ஸ்லைடு தயார் செய்து மைக்ராஸ்கோப்பில் வைப்பது நான்தான்.

விஷயத்தைச் சொன்னேன். ரொம்ப சந்தோஷம் என்றார். பிறகு தன் மெயில் ஐ.டி.யையும் பாஸ்வேர்டையும் ஒரு சீட்டில் எழுதி நீட்டினார்.

"நீயே ஃபில் பண்ணி அனுப்பிடும்மா. எல்லாரும் அப்டித்தான் பண்றாங்க. எனக்கு அட்மிஷன் வேல தலைக்கு மேல கீது. நல்லா எழுதிக்கோ."

இரண்டாவது ஆசிரியருக்கும் யாரையாவது போட்டு இதேபோலச் செய்துகொள்ளச் சொன்னார். அந்த இடத்தை இப்போதைக்குக் காலியாக விட்டிருக்கிறேன்.

பாஸ்வேர்டில் அவர் மகன் பெயர். அவன் எந்தக் காலேஜில் என்ன படிக்கிறான், என்ன மார்க், எல்லாம் எங்கள் வகுப்புக்கே மனப்பாடம். அத்தனை பீரியட் அவன் கதையிலேயே போயிருக்கிறது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் பாவா கடை. பாவா என்றால் அக்கா வீட்டுக்காரர். பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறார். மூலைக் கம்ப்யூட்டரைக் கொடுத்தார். திரையை எட்டிப் பார்த்து, "இன்னா சயின்டிஸ்ட்டு, நீயே வாத்தியாரு நீயே ஸ்டூடன்ட்டா?" என்று சிரித்துவிட்டு லேமினேஷன் போடப் போனார்.

படிவத்தில் முதல் கேள்வி. நீங்கள் இதுவரை கற்பித்த மாணவர்களில் இவர் எங்கே நிற்கிறார்? ஐந்து கட்டம். முதல் ஒரு சதவீதம், முதல் ஐந்து, முதல் பத்து, முதல் இருபத்தைந்து, முதல் ஐம்பது.

எச்.ஓ.டி. நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் இரண்டாவது பெஞ்சைப் பார்த்தேன். அங்கே யாரும் தெரியவில்லை. எனவே கணக்குப் போட்டேன். வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். மார்க்கில் நான் ஐந்தாவது. நாற்பத்திரண்டில் ஐந்தாவது என்றால் பத்து சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டிவிடுகிறது. அடுத்த கட்டம் இருபத்தைந்து. டிக்.

சுயமாகச் சிந்திப்பவரா? சுமார். ஆர்வம்? நன்று. 'மிக நன்று' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் கை வைக்கவே கூச்சமாக இருந்தது. பேச்சுத் திறன்? சுமாருக்கும் கீழே. குறைகள் என்ற இடத்தில், கூச்ச சுபாவம், வகுப்பில் இதுவரை கேள்வி கேட்டதில்லை. கடிதம் எழுதும் இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பையில் நன்னடத்தைச் சான்றிதழ் இருந்தது. அதைப் பார்த்து எழுதினேன். அடக்கமானவர், சொன்னதைச் செய்பவர், இவர் மீது எந்தப் புகாரும் இல்லை.

அனுப்பியாயிற்று.


மே 14, புதன்

நேற்று இதை அனுப்பிவிட்டு பஸ் ஸ்டாண்டில் கரும்பு ஜூஸ் குடித்தேன். நிம்மதியில். அதையும் எழுதி வைக்க வேண்டும்.

நித்யா போன் செய்தாள். என் வகுப்பு, முதல் மார்க், அவள் எண்ணும் பட்டியலில் இருக்கிறது. அவளுக்கும் எச்.ஓ.டி. அதே சீட்டைத்தான் கொடுத்தாராம். அதே மெயில், அதே பாஸ்வேர்டு. நீ எந்தக் கட்டத்தில் போட்டாய் என்று கேட்டாள்.

"இருபத்தஞ்சு."

"எதுல இருபத்தஞ்சு?"

சொன்னேன்.

"லூசாடி நீ? நமக்கு நாமே போட்டுக்கற எடத்துல யாருனா அங்க போய் போடுவாங்களா?"

கணக்குப் போட்டுப் பார்த்தேன் என்றேன். சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். நிறுத்தியதுதான் தாங்கவில்லை.

அவள் எல்லாவற்றிலும் முதல் கட்டம். எல்லாரும் அப்படித்தானாம். அது கேள்வியே இல்லையாம், சும்மா தட்டிவிட்டுப் போகிற இடமாம். கடிதம் சென்னையில் ஐ.டி.யில் இருக்கும் அவள் சித்தப்பா எழுதிக் கொடுத்தது. பிறவியிலேயே ஆராய்ச்சி மனம் கொண்டவர் என்று ஒரு வரி வருகிறதாம். படித்தும் காட்டினாள்.

அப்படியானால் அங்கே அலுவலகத்தில் என்ன நடக்கும்? ஒரே காலேஜ், ஒரே எச்.ஓ.டி., இரண்டு படிவம். ஒருத்தி அவர் வாழ்க்கையில் பார்த்த மாணவர்களிலேயே தலைசிறந்தவள். இன்னொருத்தி அடக்கமானவள். அந்த மனிதர் எங்களை ஒப்பிட்டுத் தீர்ப்பு எழுதியதாக ஆகிவிட்டது. அவர் ஒரு வரிகூட எழுதவில்லை.

நித்யாவின் ஹெர்பேரியத்தில் ஐம்பது ஷீட். முப்பத்தொன்றில் செடியை அழுத்திக் காயவைத்து ஒட்டியது நான். கேட்டால் அவளே சொல்வாள். கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்தால் இன்று எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்.

கோபம் யார் மேல்:
எச்.ஓ.டி.
'நல்லா எழுதிக்கோ' என்ற சொல்.
அந்த ஐந்து கட்டங்களை வரைந்தவர்கள். இங்கே யார் உட்கார்ந்து நிரப்புவார்கள் என்று அவர்களுக்குத் தெரியவே தெரியாதா?
நன்னடத்தைச் சான்றிதழ். ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னைப் பற்றி யாராவது எழுதியது அது ஒன்றுதான். அதை அப்படியே நம்பியிருக்கிறேன்.
நான்.

மத்தியானம் சாப்பிடவில்லை. அம்மா காரணம் கேட்டாள். வெயில் என்றேன்.


மே 15, வியாழன்

யூனிவர்சிட்டி தளத்தில் போய்ப் பார்த்தேன். 'பெறப்பட்டது. மாற்ற இயலாது.' பச்சை நிறத்தில், வாழ்த்துச் சொல்வதுபோல.

உதவி எண்ணுக்குப் போன் செய்ய முக்கால் மணி நேரம் ஆயிற்று. பேசப்போவதை ஆங்கிலத்தில் எழுதி, சத்தமாகப் படித்து, மாட்டுக் கொட்டகைக்குப் போய் மறுபடி படித்து. ஒரு பெண் எடுத்தாள். பொறுமையாகத்தான் பேசினாள். பரிந்துரைத்த ஆசிரியர் தன் மெயிலிலிருந்து எழுதிக் கேட்டால் திறந்துவிடுவார்களாம். மாணவி கேட்டால் முடியாதாம்.

விண்ணப்பித்தவர்களுக்கு டெலிகிராமில் ஒரு குரூப். நான் அதில் ஒரு வார்த்தை எழுதியதில்லை. இன்று ஒரு பெண் எழுதியிருந்தாள். அவள் புரொபசர் இரண்டு பக்கம் எழுதினாராம், படித்துவிட்டு அழுதுவிட்டாளாம். கீழே எல்லாரும் இதயம் போட்டிருந்தார்கள். நாலு முறை படித்தேன். அப்படி ஒருவர் உட்கார்ந்து எழுதுவார் என்பதே எனக்குச் செய்தி.

வீட்டில் மறைக்க முடியவில்லை. நைனா கரும்புத் தோட்டத்திலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஆச்சரியம்.

"உன்னப் பத்தி உன்னையே எழுதச் சொன்னாங்களா? மில்லுலேர்ந்து ஆளு வந்தா கரும்பையா கேக்கறான், உங்கிட்ட எவ்ளோ இனிப்புன்னு? கருவிய வெச்சுப் பாத்துத்தான் எழுதிக்கினு போறான்."

"அதுக்கில்ல நைனா, எல்லாரும் அப்டித்தான் பண்றாங்க."

"சரி, நீ இன்னா எழுதின?"

சொன்னேன். அம்மா உள்ளேயிருந்து, பொண்ணு பொய் எழுதலியே, சாமி பாத்துக்கும் என்றாள். நைனா துண்டை உதறினார்.

"பொய் எழுதச் சொன்னது யாரு? இவ பொருள எடுத்துக்கினு போய் அடிமாட்டு வெலை சொல்லிட்டு வந்துகிறா."

அம்மா கிருத்திகைக்கு மலை ஏறி விளக்குப் போடுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறாளாம். சாமியா அந்தப் படிவத்தை நிரப்பப் போகிறது என்று கத்திவிட்டேன். இந்த வீட்டில் நான் கத்தியது இதுதான் முதல் தடவை. கத்த வேண்டிய ஆளிடம் வாய் வரவில்லை, அம்மாவிடம் வந்தது.

வாய்ப்பு பற்றி இன்றைய மதிப்பீடு: முன்பு பாதி நினைத்தேன். இப்போது கால்கூட இல்லை.


மே 16, வெள்ளி

மறுபடி எச்.ஓ.டி. இந்த முறை ஒன்றரை மணி நேரம். பெயரை மறுபடி கேட்டார்.

தப்பாகப் போட்டுவிட்டேன், நீங்கள் ஒரு மெயில் போட்டால் திறப்பார்கள் சார் என்றேன். எழுதிக்கொண்டு போனதில் பாதிதான் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இங்க பாரும்மா. அது நான் அனுப்பினதா போயிடுச்சு. இப்ப போயி தப்பா போட்டுட்டேன், மாத்துங்கன்னா என்னை இன்னான்னு நெனப்பாங்க? நீதானே போட்ட? பொய்யா போட்ட? உண்மையத்தானே போட்ட."

உண்மை. அவருக்கு எப்படித் தெரியும் உண்மை?

இரண்டாவது பரிந்துரைக்கு சுபாஷிணி மேடத்தைக் கேட்கலாமா என்று இழுத்தேன். என் பிராஜெக்ட்டுக்கு அவர்தான் கைடு. அந்த அம்மாதான் இப்போது காலேஜிலேயே இல்லையே, அது செல்லாது என்றார். செல்லும். விதியில் 'கற்பித்த ஆசிரியர்' என்றுதான் இருக்கிறது, வரி வரியாகப் படித்திருக்கிறேன். அதை அவரிடம் சொல்லவில்லை. நான் சொன்னவை: சரி சார். சரி சார். பரவால்ல சார். தேங்க்ஸ் சார். எதற்கு தேங்க்ஸ் என்று படி இறங்கும்போது யோசித்தேன். அங்கேயே நின்று சுவரைக் குத்த வேண்டும்போல இருந்தது. பிள்ளைகள் டி.சி. வாங்க வரிசையில் நின்றிருந்தார்கள். குத்தவில்லை.

பாவா கடைக்குப் போனேன். மூஞ்சியைப் பார்த்தே கேட்டார். சொன்னேன். அவர் மூலைக் கம்ப்யூட்டரைக் காட்டினார். அன்றைக்கு நான் லாக்-அவுட் செய்யவில்லை. எச்.ஓ.டி. மெயில் திறந்தே இருந்தது.

"ரெண்டு வரி அடி, அந்தாளு எழுதின மாதிரி. யாருக்குத் தெரியப்போது? வேணும்னா நான் கண்ண மூடிக்கினு திரும்பிக்கறேன்."

உட்கார்ந்தேன். அடித்தேன். ரெண்டு வரி இல்லை, பத்து வரி. வேலை மிகுதியால் கவனக்குறைவு, இந்த மாணவி விஷயத்தில் பெரும் தவறு நேர்ந்துவிட்டது, அருள்கூர்ந்து திறந்து தரவும். அழகான ஆங்கிலம். ஒரு இடத்தில்கூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எச்.ஓ.டி.யாக இருக்கும்போது எனக்குக் கூச்சமே இல்லை.

அழித்துவிட்டேன். லாக்-அவுட் செய்துவிட்டு சீட்டைக் கிழித்துப் போட்டேன். பாவா தலையில் கை வைத்துக்கொண்டார். "மலைக்குப் போயி சாமியாரா உக்காந்துக்கோ, உனக்கு அதான் சரி" என்றார்.

நான் நல்லவள் என்பதால் அழிக்கவில்லை. இதை மட்டும் நேர்மையாக எழுத வேண்டும். அந்த ஆள் என்னைப் பற்றிச் சொல்லப்போகும் ஒரே ஒரு நல்ல வார்த்தையையும் நானே தயார் செய்து அவர் கையில் வைக்க வேண்டுமா என்ற ஆத்திரம். ஸ்லைடு தயார் செய்து வைத்தது போதும்.

மிச்சம் நாலு நாள். மிச்சம் ஒரு பரிந்துரை.


மே 17, சனி

மழை வரும்போல இருந்து வரவில்லை. புழுக்கம்.

சுபாஷிணி மேடம் பற்றி எழுதாமலே தள்ளிக்கொண்டு வருகிறேன். எழுதுகிறேன்.

இரண்டாம் வருடமும் மூன்றாம் வருடத்தில் பாதியும் வகைப்பாட்டியல் எடுத்தார். மலைப்படி பிராஜெக்ட் என்னுடைய யோசனை. வேறு யாராக இருந்தாலும் நெட்டில் எடுத்து எழுதச் சொல்லியிருப்பார்கள். இவர் கூடவே வந்தார். வயிற்றில் குழந்தை, ஆறாம் மாதம் அப்போது. இருபது படிக்கு ஒரு முறை உட்காருவார். நான் குனிந்து பார்த்துச் சொல்லச் சொல்லக் கேட்பார். குப்பைமேனி, அம்மான் பச்சரிசி, வெட்டுக்காயப் பூண்டு, ஒரு அரசங்கன்று. ஜனங்கள் எங்களைப் பார்த்து வேண்டுதல் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

தேங்காய் உடைக்கும் இடத்துக்குக் கீழே உள்ள படிகளில் மட்டும் மூக்கிரட்டை அடர்த்தியாக இருப்பதை நான்தான் கவனித்தேன். ஏன் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை, தெரியவில்லை என்று சொன்னார். ஒரு டீச்சர் அப்படிச் சொல்லி அன்றுதான் கேட்டேன். மறுநாள் நோட்டை வாங்கிக்கொண்டு போய் இரண்டு நாள் வைத்திருந்தார். திருப்பித் தந்தபோது ஓரங்களில் பென்சிலில் கேள்விகள்.

பிரசவ லீவு முடிந்து வந்தபோது அவர் மேஜையில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். காரணம் எங்களுக்குச் சொல்லவில்லை. அவருக்காவது சொன்னார்களா தெரியாது. எங்கள் வகுப்பில் பிரின்சிபாலுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள், அவரைத் திரும்ப எடுக்கச் சொல்லி. பதினோரு கையெழுத்து. நித்யாவுடையது முதலில் இருந்தது.

என்னுடையது இல்லை.

பேப்பர் என் பெஞ்சுக்கு வந்தது. ஹால் டிக்கெட் தரமாட்டார்கள் என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். பேனா மூடியைக் கழற்றினேன். மாட்டினேன். பேப்பரைப் பக்கத்து பெஞ்சுக்கு நகர்த்தினேன்.

'இவர் மீது எந்தப் புகாரும் இல்லை.'

இப்போது அவரிடம் போய் எனக்காக எழுதுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது? அவர் நம்பரை நித்யாவிடம் வாங்கி மூன்று நாள் ஆகிறது.


மே 18, ஞாயிறு

அக்காவும் பாவாவும் மதியச் சாப்பாட்டுக்கு. மாம்பழம், கோழி. பி.எட். சேர்ந்தால் இங்கேயே வேலை, மாப்பிள்ளை பார்க்கவும் சுலபம் என்றாள் அக்கா. வயிற்றெரிச்சலில் சொல்லவில்லை, அவள் கண்ணுக்குத் தெரிவதை எனக்கும் காட்டுகிறாள். பாவா, "அவ மொதல்ல வாயத் தொறந்து பேசட்டும், அப்பறம் பசங்களுக்குப் பாடம் எடுக்கலாம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு எழுந்து தொட்டிப் பக்கம் போய், வணக்கம் மேடம் நான் பவானி என்று அடித்து அனுப்பிவிட்டேன்.

ஆத்திரத்தில் அனுப்பியது. நிதானத்தில் இருந்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்துப் பதில். கனகம்மாசத்திரத்தில் அவர் வீட்டுக்காரருக்கு மெடிக்கல் ஷாப். பகலில் மேடம்தான் பார்த்துக்கொள்கிறாராம். நாளைக்கு வரச் சொன்னார். பரிந்துரை விஷயம் எழுதினேன். ஏன், எதற்கு என்று ஒன்றும் கேட்காமல் மெயில் ஐ.டி. அனுப்பினார். காலியாக இருந்த இரண்டாவது இடத்தில் அவர் பெயரைப் போட்டேன். லிங்க் போய்விட்டது.


மே 19, திங்கள்

கனகம்மாசத்திரம். மணி பதினொன்றே கால். இதை எழுதுவது மெடிக்கல் ஷாப் வாசல் பெஞ்சில். எதிரே திருப்பதி போகும் வண்டிகள், தூசி.

நடந்தது வரிசையாக.

மேடம் இளைத்துவிட்டார். கவுண்டருக்குப் பின்னால் மருந்து அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே குழந்தை தவழ்ந்துகொண்டிருக்கிறது, பெண். அட்டையைக் கடிக்கிறது. வீட்டுக்காரர் சரக்கு எடுக்கப் போயிருக்கிறார். ஊரெல்லாம் காய்ச்சல், கடையில் ஏழெட்டுப் பேர்.

"ஆங், பவானி. வா. மலை ஏறினோமே." என்னைப் பார்த்ததும் சொன்னார். நான் பெயர் சொல்லவில்லை.

வந்த விஷயத்தை விட்டுவிட்டு முதலில் அதைச் சொன்னேன். அந்தக் கடிதத்தில் நான் கையெழுத்துப் போடல மேடம்.

"தெரியும். பதினோரு பேருதானே. யாரு யாருன்னு எனக்கு மனப்பாடம்." குரலில் கோபம் இல்லை. மாத்திரையைக் கத்திரித்துக் கவரில் போட்டு ஒரு கிழவரிடம் கொடுத்து, சாப்பாட்டுக்கு அப்புறம் என்று மூன்று முறை சொன்னார். கோபப்பட்டிருக்கலாம். கோபப்பட நேரம் இல்லை என்பதுபோல இருந்தது.

பிறகு போனை எடுத்துத் திறந்து என் கையில் கொடுத்தார்.

"லிங்க் வந்துகிது பாரு. நீயே ஃபில் பண்ணிடு. எல்லாத்துலயும் மொத கட்டத்தையே தட்டிக்கினு வா. நான் பாத்து அனுப்பிடறேன்."

இவருமா.

வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். போன் மடியில். படிவம் திறந்திருக்கிறது. அதே கேள்வி, அதே ஐந்து கட்டம். முதல் கட்டம் கட்டைவிரலுக்குக் கீழே. தட்டினால் என் வாய்ப்பு உயரும், சந்தேகமே இல்லை. நித்யாவுக்குச் சமமாகிவிடுவேன். அங்கே இருப்பவர்கள் ஒரு காலேஜிலிருந்து இரண்டு மாதிரி வந்திருக்கிறதே என்று ஒரு நிமிஷமாவது நின்று பார்ப்பார்கள். தட்டாமல் திருப்பிக் கொடுத்தால், நாளை ஐந்து மணிக்குள் இந்தக் கூட்டத்தில் இவர் எப்போது உட்கார்ந்து எழுதுவார்? எழுதாமலே போகலாம். அப்போது எல்லாம் முடிந்தது. பி.எட்.

தெரிகிறது. எல்லாம் தெரிகிறது. இருந்தும் விரல் இறங்கவில்லை. இன்று கூச்சமும் இல்லை, கணக்கும் இல்லை. கோபம். எச்.ஓ.டி. மேல் வந்ததைவிட இவர் மேல் அதிகமாக வருகிறது. அவருக்கு என்னைத் தெரியாது. இவருக்குத் தெரியும். இருபது படிக்கு ஒரு முறை உட்கார்ந்து நான் சொன்னதைக் கேட்ட ஒரே ஆள். என்னைப் பற்றிச் சொல்ல இந்த உலகத்தில் ஒருவருக்கு ஏதாவது இருக்கும் என்றால் அது இவருக்குத்தான். அது என்ன என்று எனக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு கட்டத்தைத் தட்டிவிட்டு ரயில் ஏற என்னால் முடியாது.

என் ஒரு கையெழுத்தை நான் இவருக்குக் கொடுக்கவில்லை. கேட்கும் உரிமை இல்லை. இருந்தாலும் கேட்கப் போகிறேன்.

கடையில் இன்னும் மூன்று பேர். குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது. முடிஞ்சுதா பவானி என்று உள்ளேயிருந்து கேட்கிறார். வாயைத் திறந்தால் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் சொல்லப்போவதை இங்கே எழுதிக்கொள்கிறேன், பார்த்தாவது படித்துவிடலாம்:

மேடம், நான் எதுவும் தட்டல. கொழந்தைய நான் வெச்சுக்கறேன், கடையையும் பாத்துக்கறேன். எந்தக் கட்டத்துல வேணா போடுங்க, கடைசிக் கட்டமா இருந்தாலும் சரி. என்னப் பத்தி நீங்களே எழுதுங்க.